காதுக்குக் கதவில்லை
கூட்டு அலுவலகங்களின் இரைச்சலும் எம்மவர் வாழ்வும்

கண்ணுக்கு இமையைத் தந்த இயற்கை காதுக்கு ஒரு கதவைத் தரவில்லை. பார்க்க விரும்பாததைப் பாராதிருக்க முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். கேட்க விரும்பாததைக் கேளாதிருக்க வழி ஏதும் இல்லை. உறங்கும்போதும் விழித்திருக்கும் ஒரே புலன் செவி என்பர் மூத்தோர். இந்த எளிய உண்மையை மறந்து எழுப்பப்பட்ட மண்டபங்களிலேதான் இன்று எம்மவரிற் கணிசமானோர் தமது பகற்பொழுதைக் கழிக்கின்றனர்.

மொன்றியல் தீவின் மேற்குப் புறத்தில் அமைந்துள்ள சிறிய நகர் கர்க்லாண்ட். 1961இல் இப்பெயரோடு தனி நகராக்கப்பட்டது. 2002இல் மொன்றியல் மாநகரோடு இணைக்கப்பட்டு, மக்களின் விருப்பப்படி 2006இல் மீண்டும் தனித்தது. கியூபெக் சட்டமன்ற உறுப்பினராயிருந்த சார்ள்ஸ் எமே கர்க்லாண்டின் பெயரையே நகர் தாங்கியுள்ளது. அவர் மறைந்த பின் அவருடைய தொகுதியில் 1961 டிசம்பரில் வெற்றி பெற்ற அவர் மகள் மாரி கிளயர், அச்சட்டமன்றத்துக்குத் தெரிவான முதற் பெண்மணி. மணமான பெண் கணவனின் ஒப்பமின்றித் தன் காரியங்களைத் தானே ஆற்றலாம் என்ற சட்டத்தை 1964இல் நிறைவேற்றி வைத்தவரும் அவரே. அதுவரை கேட்கப்படாதிருந்த ஒரு குரல் கேட்கப்பட்டதோடு தொடர்புடைய பெயர் இந்நகரினது என்பதை நினைவிற் கொள்வோம். இக்கட்டுரையும் குரல் பற்றியதே.

நகரை ஊடறுத்து 40ஆம் இலக்கப் பெருந்தெரு செல்கின்றது. அதன் இரு மருங்கும் அலுவலகக் கட்டடங்கள். மருந்து நிறுவனங்களால் பெயர் பெற்ற இப்பகுதியில் இன்று சிறு தொழில் செய்வோர் பலர் கூட்டு அலுவலகங்களில் மேசையொன்றை மாத வாடகைக்கு எடுத்துத் தொழில் நடத்துகின்றனர். 2020இன் கொள்ளைநோய்க் காலத்தின் பின் இவ்வழக்கம் பெருகியது. கணக்காளர், காப்புறுதி முகவர், மொழிபெயர்ப்பாளர், பயண முகவர் என எம்மவரும் அவர்களுள் அடங்குவர். அயல் நகரான தொலார்-தெ-ஒர்மோவில் முருகன் ஆலயம் எழுந்த பின்னர் இப்பக்கத்தில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு, நகர மையம் வரை செல்லாது அருகிலேயே ஒரு கந்தோர் கிடைப்பது பெரும் வசதி. வாடகை குறைவு, வாகனம் நிறுத்த இடமுண்டு, தேநீரும் இணைய இணைப்பும் வாடகையோடு சேர்ந்தவை. குறை ஒன்றுதான். அங்கே ஒருவர் பேசுவது எல்லோருக்கும் கேட்கின்றது.

அண்மையில் நாம் சென்று பார்த்த ஒரு கூட்டு அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். அதன் பெயர் இங்கு வேண்டியதில்லை. அதன் குறைகள் அதற்கு மட்டும் உரியனவுமல்ல. மூன்று பக்கம் கண்ணாடி. தரை மெருகூட்டிய சீமெந்து. உட்கூரையை நீக்கிக் குழாய்கள் தெரிய விடப்பட்டிருந்தது. இது இக்காலத்து அழகு என்கின்றனர். நடுவே நீண்ட மேசைகள். நாம் ஒருமுறை கைதட்டிப் பார்த்தோம். ஓசை அடங்க ஒன்றரைச் செக்கன் வரை சென்றது. அடுத்த மேசையில் ஓர் இளைஞர் வங்கியோடு பிரெஞ்சிற் பேசிக்கொண்டிருந்தார். அவருடைய கடன் தொகையை நாம் கேளாமலே அறிந்துகொண்டோம்.

பேச்சே பகை

ஓசை என்றதும் நாம் அதன் உரப்பையே எண்ணுகின்றோம். சட்டமும் அப்படியே எண்ணுகின்றது. கியூபெக்கில் ஒரு தொழிலாளி எட்டு மணி நேரத்தில் ஏற்கக்கூடிய இரைச்சலின் எல்லை 2023 ஜூன் முதல் 90 டெசிபெல்லிலிருந்து 85ஆகக் குறைக்கப்பட்டது. தொழிற்சாலையில் நிற்கும் எம்மவரின் செவிப்புலனைக் காக்க இது வேண்டியதே. ஆனால் ஒரு மீற்றர் தூரத்திற் கேட்கும் சாதாரண உரையாடல் 60 டெசிபெல் அளவினதே. அது காதைக் கெடுக்காது, வேலையைக் கெடுக்கும். அலுவலகத்தில் மனத்தைச் சிதைப்பது பெரிய சத்தமன்று. விளங்கும் பேச்சு.

1976இல் கொல், வெல்ஷ் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தனர். எழுத்து வரிசைகளை மனனஞ் செய்து திருப்பிச் சொல்வோரின் காதில், அவர்கள் அறியாத ஜேர்மன் மொழிப் பேச்சை ஒலிக்க விட்டனர். மொழி விளங்காதபோதும் அவர்களது நினைவு தடுமாறியது. ஏறி இறங்கும் மனிதக் குரலைச் செவி விட்டுவிடுவதில்லை. 1998இல் பிரித்தானியாவில் பான்பரி, பெரி ஆகியோர் அலுவலக ஓசையையும் பேச்சையும் கொண்டு செய்த ஆய்வு, மனக்கணக்கும் நினைவாற்றலும் இவற்றாற் பாதிக்கப்படுவதைக் காட்டியது. மின்விசிறியின் இரைச்சலோடு நாம் உறங்கிவிடுகின்றோம்; அடுத்த அறையின் முணுமுணுப்போடு உறங்க முடிவதில்லை. காரணம் இதுவே.

இரவல் மொழியில் உழைப்போர்

இத்தீங்கு எல்லோருக்கும் பொதுவெனினும், எம் போன்றோருக்கு இரட்டிப்பானது. 1977இன் மொழிச் சட்டத்தின் பின் கியூபெக்கின் தொழில் மொழி பிரெஞ்சு. நடுவயதில் இங்கு வந்து சேர்ந்த ஒருவர் தமிழிற் சிந்தித்து, ஆங்கிலத்தில் எழுதி, பிரெஞ்சிற் பேச வேண்டியவராகின்றார். 1997இல் வெளியான ஓர் ஆய்வு இங்கு கவனிக்கத்தக்கது. ஸ்பானிய மொழியைத் தாய்மொழியாகக் கொண்டோரை வைத்து மேயோ என்பவரும் அவருடன் சேர்ந்தோரும் இதைச் செய்தனர். குழந்தைப் பருவத்திலேயே ஆங்கிலம் கற்றவரைவிட, பதினான்கு வயதின் பின் கற்றவர்கள் இரைச்சலின் நடுவே அதைப் புரிந்துகொள்ள மிக இடர்ப்பட்டனர். அமைதியான அறையிற் குறைவாகத் தோன்றும் வேற்றுமை, இரைச்சலிற் பெரிதாகின்றது.

இதன் விளைவை எம்மவர் நாளாந்தம் அனுபவிக்கின்றனர். தொலைபேசியின் மறுமுனையிலிருப்பவர் சொன்னதை இரண்டாம் முறை கேட்கவேண்டி வருகின்றது. மூன்றாம் முறை கேட்க நாணம் தடுக்கின்றது. விளங்கியதாக எண்ணி 'ஆம்' என்கின்றோம். எதிரிலிருப்பவரோ இவருக்கு மொழி போதாது என்று முடிவு செய்கின்றார். குறை இவரது மொழியிலன்று, சுவரில் என்பதை இருவருமே அறிவதில்லை. ஊரில் பட்டமும் பதவியும் பெற்றிருந்த ஒருவர் இங்கு தலைகுனிந்து நிற்பதற்கு, ஒரு மண்டபத்தின் எதிர்முழக்கமும் காரணமாகலாம்.

ஒட்டுக்கேட்கும் சுவர்கள்

இதனிலும் பாரதூரமானது இரகசியம் பற்றிய கேள்வி. 1985 ஏப்ரல் 4ஆம் திகதி கனடிய உச்ச நீதிமன்றம் சிங் வழக்கில் ஒரு தீர்ப்பு வழங்கியது. அகதிக் கோரிக்கையாளரின் நம்பகத்தன்மை கேள்விக்குள்ளாகுமிடத்து, அவரை நேரில் வாய்மொழியாக விசாரிக்க வேண்டும் என்பதே அத்தீர்ப்பு. காகிதத்தை மட்டும் பார்த்து ஒருவரைத் திருப்பியனுப்பலாகாது. அவர் சொல்வதைக் காதாற் கேட்க வேண்டும். 1989இல் குடிவரவு, அகதிகள் சபை இயங்கத் தொடங்கியதற்குப் பின்னணியாயிருந்ததும் இத்தீர்ப்பே. எம்மவரின் இருப்பு இந்நாட்டில் நிலைபெற இது எத்துணை உதவியது என்பதை வாசகர் அறிவர்.

ஆனால் சபையின் முன் சொல்லும் கதை, அதற்கு முன் வேறோரிடத்தில் சொல்லப்படுகின்றது. கோரிக்கையின் அடிப்படையை விளக்கும் படிவத்தை நிரப்ப ஒரு மொழிபெயர்ப்பாளரிடமோ, தொண்டு நிலையத்திடமோ செல்கின்றோம். அவர்களும் வாடகைச் சுமையால் கூட்டு அலுவலகங்களில் இருப்பவர்களே. சிறையில் நேர்ந்ததை, வீட்டுப் பெண்களுக்கு நேர்ந்ததை, ஊரில் இன்னமும் இருப்பவர்களின் பெயர்களை ஒருவர் அங்கே சொல்ல வேண்டும். இரண்டு மேசைகளுக்கு அப்பால் முன்பின் அறியாத ஒருவர் அமர்ந்திருக்கின்றார். சிலவேளை அவரும் தமிழர். சொல்ல வந்தவர் குரலைத் தாழ்த்துகின்றார், பெயர்களை விழுங்குகின்றார், முக்கியமானதைச் சொல்லாமலே எழுந்துவிடுகின்றார். படிவத்தில் விடுபட்டது பின்னர் விசாரணையில் வெளிவரும்போது, 'இதை ஏன் முன்பு சொல்லவில்லை?' என்ற கேள்வி எழுகின்றது. மெல்லிய ஒரு தடுப்புச் சுவர் ஒருவரின் வழக்கையே பாதிக்கலாம் என்று நாம் கூறுவது மிகைக் கூற்றன்று.

செபைன் கண்ட கணக்கு

இனி, பரிகாரம் என்ன? மண்டபத்தின் ஓசையை அளவிடும் அறிவியலைத் தொடக்கி வைத்தவர் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தின் இளம் பௌதிகவியல் விரிவுரையாளரான வொலஸ் செபைன். 1895இல் அங்கு புதிதாகக் கட்டப்பட்ட விரிவுரை மண்டபமொன்றிற் பேசுவது எவருக்கும் விளங்கவில்லை. அதைத் திருத்தும்படி பணிக்கப்பட்ட அவர், அருகிலிருந்த அரங்கொன்றின் இருக்கை மெத்தைகளை இரவிரவாகச் சுமந்து வந்து பரப்பினார். ஓசை அடங்கும் நேரத்தைக் கடிகாரங் கொண்டு அளந்தார். மெத்தை கூடக் கூட முழக்கம் குறைந்தது. அவர் கண்ட சூத்திரம் இன்றும் வழக்கிலுள்ளது. அறையின் கனவளவைக் கனமீற்றரிற் கொண்டு 0.161 ஆற் பெருக்கி, அறையின் மொத்த உறிஞ்சலால் வகுத்தால், எதிர்முழக்க நேரம் செக்கன்களிற் கிடைக்கும்.

பத்து மீற்றர் நீளமும் எட்டு மீற்றர் அகலமும் மூன்று மீற்றர் உயரமும் கொண்ட ஓர் அலுவலகத்தைக் கொள்வோம். கனவளவு 240. கண்ணாடியும் சீமெந்துமாயுள்ள அவ்வறையின் உறிஞ்சல் 24 அலகு எனின் முழக்க நேரம் 1.6 செக்கன். நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு ஓசையை உறிஞ்சும் பலகைகளை 40 சதுர மீற்றருக்குப் பதித்தால், உறிஞ்சல் 60 அலகாகின்றது. நேரம் ஏறக்குறைய 0.65 செக்கனாகக் குறைகின்றது. அறையில் தங்கும் இரைச்சலும் 4 டெசிபெல் அளவு தணிகின்றது. அதற்கு மேலும் ஒரு நன்மையுண்டு. இரைச்சலில் மனிதர் தம்மையறியாமலே குரலை உயர்த்துவர் என்று பிரெஞ்சு மருத்துவர் லொம்பார்ட் 1911இல் காட்டினார். இரைச்சல் தணிந்தால் குரல்களும் தாமாகவே தாழும்.

செபைன் தமது அளவையின் அலகாகக் கொண்டது திறந்த யன்னலை. திறந்த யன்னலுக்கூடாகச் சென்ற ஓசை திரும்புவதில்லையல்லவா? எமது நாற்சார் வீடுகளின் நடுமுற்றம் இக்கணக்கில் வானம் நோக்கித் திறந்த மாபெரும் யன்னலே. நான்கு பக்கத் தாழ்வாரத்திலும் நான்கு உரையாடல்கள் நடந்தும் அங்கு தலைவலி வந்ததில்லை. யாழ்ப்பாணத்துத் தனியார் கல்வி நிலையங்களில் ஒரே ஓலைக் கொட்டிலில் கிடுகுத் தட்டியால் மட்டும் பிரிக்கப்பட்டு இரசாயனமும் கணக்கியலும் அருகருகே படிப்பிக்கப்பட்டன. தட்டி ஓசையைத் தடுக்கவில்லை. ஆயினும் ஓலையும் மணற்றரையும் திறந்த பக்கங்களும் அதை முழங்க விடவில்லை. தென்னந்தும்பின் ஓசையுறிஞ்சும் தன்மையை மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தினர் ஆராய்ந்து கட்டுரைகள் வெளியிட்டுள்ளனர். எம் முன்னோர் வீணென்று எறியாத பொருளுக்கு இன்று ஆய்வுகூட மதிப்பு.

ஒட்டாவா தந்த விடை

சுவரில்லா அலுவலகம் ஜேர்மனியில் 1950களின் இறுதியில் ஹம்பேர்க்கை அண்டிய குவிக்போர்னில் உருவான சிந்தனை. அமெரிக்காவில் 1968இல் றொபேட் புறொப்ஸ்ற் வடிவமைத்த தடுப்புத் தட்டிகள் அதற்கு வேறோர் உருவம் தந்தன. மனிதர் கலந்து பழகுவர் என்பதே அதன் நியாயம். ஆனால் 2018இல் ஹாவார்டைச் சேர்ந்த பேர்ன்ஸ்ரைன், ரேபன் ஆகியோர் இரு நிறுவனங்களை ஆராய்ந்தபோது, சுவர்கள் அகற்றப்பட்ட பின் ஊழியர் நேருக்கு நேர் பேசுவது நூற்றுக்கு எழுபது அளவு குறைந்திருந்தது. காதுக்குக் கதவில்லாதபோது மனிதர் வாயை மூடிக்கொள்கின்றனர் போலும்.

இச்சிக்கலை ஆழமாக ஆராய்ந்தோருள் எமக்கு அண்மையிலிருப்போர், ஒட்டாவாவிலுள்ள கனடியத் தேசிய ஆராய்ச்சிச் சபையினர். 2000களின் தொடக்கத்தில் அங்கு ஜோன் பிறட்லி முதலியோர் கண்ட முடிவு சுருக்கமானது. உறிஞ்சல், தடுத்தல், மறைத்தல் ஆகிய மூன்றும் ஒருங்கே வேண்டும்; ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் பயன் தரா.

உறிஞ்சலில் முதலிடம் உட்கூரைக்கு. அதன் மீது விழும் ஓசையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கை அது உறிஞ்ச வேண்டும். இல்லையேல் பேச்சு தட்டிக்கு மேலால் ஏறி, கூரையிற் பட்டுத் தெறித்து அடுத்த மேசையில் இறங்கும். உட்கூரையைக் கழற்றி அழகு பார்ப்போர் இதை எண்ண வேண்டும். தடுத்தலுக்கு மேசைகளிடையே 1.7 மீற்றருக்குக் குறையாத தட்டி வேண்டும். அமர்ந்திருப்பவரின் தலைக்கு மேல் அது நன்கு உயர்ந்திருக்க வேண்டும். மறைத்தலாவது, காற்றோட்டியின் ஒலியை ஒத்த சீரான மெல்லொலியை 45 டெசிபெல் அளவில் மண்டபமெங்கும் பரவ விடுவது. அது 48ஐ விஞ்சினால் அதுவே தொல்லையாகும். இம்மூன்றும் சேர்ந்தால் அயலவர் பேச்சு குரலாக மட்டும் கேட்கும், சொல்லாக விளங்காது. 2012இல் வெளிவந்த சர்வதேச அளவீட்டு நெறியும் ஏறக்குறைய இதையே வேறு வகையில் அளக்கின்றது. ஒருவர் பேச்சு எத்தனை மீற்றருக்கு அப்பால் மனத்தைக் கலைக்காது விடுகின்றது என்பதே அதன் முதன்மையான கேள்விகளுள் ஒன்று. ஐந்து மீற்றருக்குள் எனில் மண்டபம் நன்று. பத்தைத் தாண்டினால் தீது.

வாடகைக்கு இருப்போர் செய்யக்கூடியவை

கட்டடம் எமதன்று; கூரையை மாற்ற எம்மால் இயலாது. ஆயினும் கைகட்டி இருக்க வேண்டியதில்லை.

முதலில் ஒரு மயக்கத்தைத் தெளிவோம். உறிஞ்சுதல் வேறு, தடுத்தல் வேறு. முட்டைப் பெட்டி அட்டைகளையும் மெல்லிய பஞ்சுத் துண்டுகளையும் சுவரில் ஒட்டி அடுத்த அறைக்கு ஓசை போகாதென்று நம்புவோர் உளர். அவை உயர்ந்த மீடிறன் கொண்ட ஓசையிற் சிறிதை விழுங்கும். சுவரைக் கடக்கும் பேச்சைத் தடுக்கமாட்டா. தடுப்பது பாரமும் இடைவெளியின்மையுமே. சுவரின் பரப்பில் நூறில் ஒரு பங்கு திறந்திருந்தாலும், அச்சுவர் எத்துணைத் தடித்ததாயினும் 20 டெசிபெல்லுக்கு மேல் தடுக்க முடியாது. ஆகவே அந்தரங்கம் பேசும் அறையின் கதவுக்குக் கீழுள்ள இடைவெளியை அடைப்பதே மலிவான முதற் பரிகாரம். அவ்வறையின் சுவர் உண்மையான கூரை வரை செல்கின்றதா, தொங்கும் உட்கூரையோடு நின்றுவிடுகின்றதா என்பதையும் பார்க்க வேண்டும். பின்னையதாயின் பேச்சு மேலால் வழியும்.

உறிஞ்சலுக்கு, ஐந்து சென்ரிமீற்றர் தடிப்புள்ள பாறைப் பஞ்சு அல்லது கண்ணாடிப் பஞ்சுப் பலகையைத் துணியாற் போர்த்துத் தூக்கலாம். சுவரிலிருந்து சிறிது விலக்கித் தூக்கினால் ஆண்குரலின் தாழ்ந்த ஓசையையும் அது உறிஞ்சும். ஒரு மீற்றரும் இருபது சென்ரிமீற்றரும் நீளம், அறுபது சென்ரிமீற்றர் அகலமான பலகையெனில், நாம் மேலே கணக்கிட்ட அறைக்கு ஐம்பத்தாறு வேண்டும். அத்தனைக்கும் பணமில்லையெனில், பேசுபவரின் முகத்துக்கு நேரேயுள்ள சுவரிலிருந்து தொடங்கலாம். எதை வாங்கினும் தீப்பற்றாத் தரச் சான்று உண்டா என்று கேட்கவும், கட்டட உரிமையாளரின் எழுத்து மூலமான அனுமதியைப் பெறவும் தவறலாகாது. கனத்த திரையை மடிப்பு மடிப்பாகக் கண்ணாடிக்கு முன் தொங்கவிடலாம். கதிரைக் கால்களுக்குக் கம்பளித் துண்டு ஒட்டச் சில டொலர்களே செலவு.

பணமே வேண்டாத பரிகாரங்களும் உள. பேசும் வேலை செய்வோரை ஒரு பக்கமும், எழுதும் வேலை செய்வோரை மறு பக்கமும் இருத்தலாம். தொலைபேசியின் ஒலிபெருக்கியில் உரையாடுவதை விலக்கலாம். காலையில் இரண்டு மணி நேரத்தை அமைதி வேளையென எல்லோரும் கூடித் தீர்மானிக்கலாம். ஒப்பந்தத்தில் ஒப்பமிடுமுன், வேலை நாளொன்றின் முற்பகலிற் சென்று ஒரு மணி நேரம் அங்கு அமர்ந்திருந்து பார்ப்பது யாவற்றிலும் மேலானது. ஞாயிற்றுக்கிழமை மாலையில் எல்லா மண்டபமும் அமைதியானதே.

அகதிகளுக்கும் புதிதாக வந்தோருக்கும் பணிபுரியும் எமது சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டு விழாவுக்கும் மலருக்கும் பணம் சேர்க்கும் நாம், கதவு நன்றாக மூடும் ஒரு சிறு அறைக்கும் பணம் சேர்ப்போம். இரண்டு கதிரை, ஒரு மேசை, சுவரிற் சில பலகை, வாசலில் இடைவெளியின்மை: இவ்வளவும் போதும். தன் கதையை ஒருவர் முழுக்குரலிற் சொல்ல அவ்வறை இடந்தரும். வாய்மொழியாகக் கேட்கப்படும் உரிமையைச் சட்டம் எமக்குத் தந்துவிட்டது. அச்சமின்றிச் சொல்வதற்கு ஓரிடத்தை அமைத்துக்கொள்வது எம் கையிலேயே உள்ளது.